கோப்பை வராத வருடம், கோச்சை எப்படி எடைபோடுவது?

கேள்வி: சென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியையாக இருக்கிறேன். இந்த வருடம் விளையாட்டுக் குழு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. எங்கள் ஆண்கள் கால்பந்து அணிக்கு மூன்று வருடமாக ஒரு கோச் ஒப்பந்தத்தில் இருக்கிறார். ஆகஸ்ட் மாதத்தில் வந்து சேர்ந்தவர். முதல் வருடம் மண்டலப் போட்டியில் கோப்பை. இரண்டாம் வருடம் அரையிறுதியில் டை பிரேக்கரில் தோல்வி. இந்த வருடம் காலிறுதியிலேயே 0-1. ஆளை மாற்றிவிடலாம் என்கிறது நிர்வாகம். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. அவருக்கு நீட்டிப்பு தரலாமா வேண்டாமா என்று மே மாதத்துக்குள் நான் அறிக்கை கொடுக்க வேண்டும். எனக்குக் கால்பந்து தெரியாது. இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். அவர் வந்த மறு வருடம் கால்பந்துக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டா இடங்களை வருடத்துக்கு ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தோம். அப்புறம், காலிறுதியில் ஆடிய ஒரு இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் என்கிறார்கள். முந்தின மேட்ச்சிலேயே அடிபட்டிருந்தது, ஸ்பிரே அடித்து இறக்கினார் என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்:

அன்புள்ள மேடம்,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் அந்த முட்டி விஷயத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது. அதற்கு வருகிறேன். முதலில் நிர்வாகம் உங்களிடம் கேட்கும் கேள்வியை முடித்துவிடுவோம். கோப்பை, அரையிறுதி, காலிறுதி என்று வருடத்துக்கு ஒரு படி இறங்கியிருக்கிறாரே, இவர் தேறுவாரா?

என்னைப் பற்றி இரண்டு வரி. சென்னை லீக்கில் நடுவரிசையில், ஹாஃபாக, 12 சீசன் ஆடியிருக்கிறேன். பட்டியாலாவில் என்.ஐ.எஸ். என்கிற பயிற்சியாளர் படிப்பை முடித்துவிட்டு 26 வருடம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றேன். கோச்சை எடுக்கும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்கு அனுப்பும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் புள்ளியியல் எடுப்பவர் என்பது நல்லதாகப் போயிற்று. உங்களுக்குத் தெரிந்த கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மண்டலப் போட்டி ஐந்து ரவுண்டு நாக் அவுட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேட்ச்சிலும் ஜெயிக்க 70 சதவீத வாய்ப்புள்ள ஓர் அணி, அதாவது அந்த மண்டலத்திலேயே பலமான அணி. ஐந்தையும் ஜெயிக்க அதற்கு வாய்ப்பு எவ்வளவு? இதைப் படிக்கும்போதே பெருக்கிப் பார்த்திருப்பீர்கள். சுமார் 17 சதவீதம். ஆறு வருடத்துக்கு ஒரு கோப்பை வந்தாலே அது நல்ல அணி. மீதி ஐந்து வருடமும் அதே கோச், அதே உழைப்பு, ஆனால் கையில் ஒன்றும் இருக்காது. கால்பந்தில் கோல் விழுவதே அபூர்வம் என்பதால் ஒரு சறுக்கல், ஒரு ஆஃப்சைடு தீர்ப்பு, கீப்பர் கையிலிருந்து நழுவிய ஒரு கார்னர் போதும், முழு மேட்ச்சும் போய்விடும். சமனில் முடிந்த மேட்ச்சைப் பெனால்டி அடித்துத் தீர்க்கும் டை பிரேக்கரோ கிட்டத்தட்டப் பூவா தலையா. அந்த இரண்டாம் வருட அரையிறுதியை உங்கள் அறிக்கையில் தோல்வி என்றே எழுதாதீர்கள். டிரா என்று எழுதுங்கள்.

நம்மூரிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 மார்ச்சில் பெங்களூருக்கே போய் அந்த ஊர் அணியை 3-2 என்று வீழ்த்தி, சென்னையின் எஃப்.சி. அணி ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைத் தூக்கியது. கோச் ஜான் கிரிகரி. அடுத்த சீசனில் அதே கிரிகரியின் அணி 18 மேட்ச்சில் 9 புள்ளி எடுத்து, பத்து அணிகளில் பத்தாவதாக முடிந்தது. நேரு ஸ்டேடியத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டவர்களே ஒரு வருடத்தில் அவரைத் திட்டியதை என் காதால் கேட்டிருக்கிறேன். அதற்கடுத்த சீசன் நடுவில் அவர் விலகினார். ஓவன் கோய்ல் வந்தார், கீழே கிடந்த அணி ஃபைனல் வரை போனது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள், பார்த்தீர்களா, கோச்சை மாற்றினால் அணி எழுந்துவிடும் என்று.

எழும், பெரும்பாலும். ஆனால் மாற்றாவிட்டாலும் எழும். நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த கோச் நீக்கங்களை எடுத்து, பாஸ் டெர் வீல் என்கிற பொருளாதார ஆய்வாளர் ஒரு காரியம் செய்தார். அதே அளவு சரிந்தும் கோச்சை மாற்றாத அணிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டிருந்தன. சராசரிக்குத் திரும்புவது என்று நீங்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டுவீர்களே, அதுதான். ஆகவே மூன்று வருட முடிவுகளை மட்டும் வைத்து இவரை அனுப்பவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. மூன்றே மூன்று எண்களில் அவ்வளவு சேதி இல்லை.

சரி, எதைப் பார்ப்பது? அவர் கையில் என்ன கொடுத்தீர்கள், அதை அவர் என்ன செய்தார், இவ்வளவுதான்.

முதல் வருடக் கோப்பை அணியின் போட்டோ உடற்கல்வித் துறை அறையில் மாட்டியிருக்கும். போய் அதன் முன்னால் நில்லுங்கள். அதில் இருப்பவர்களில் எத்தனை பேர் அந்த வருடம் கடைசி ஆண்டு என்று அட்மிஷன் ரிஜிஸ்டரை வைத்து எண்ணுங்கள். ஏழெட்டுப் பேர் இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் ஆகஸ்டில் வந்தவர். அதற்குள் அட்மிஷன் முடிந்து வகுப்பே தொடங்கியிருக்கும். அந்தக் கோப்பை அணியில் ஒரு பையனைக்கூட அவர் தேடிப் பிடித்துக் கல்லூரிக்குள் கொண்டுவந்திருக்க முடியாது. அதாவது அந்தக் கோப்பையில் பெரும் பங்கு அவருக்கு முன்னால் இருந்தவருடையது. மறு வருடம் அந்தப் பையன்கள் டிகிரி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், நீங்கள் கோட்டாவை இரண்டாகக் குறைத்துவிட்டீர்கள். இரண்டு வருடத்துக்கு இரண்டிரண்டு பேர், ஆக மொத்தம் நாலே நாலு பையன்கள்தான் இவர் தேடிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தவர்கள். மற்றவர்களில் சிலர் பழைய கோட்டாவில் வந்து மிச்சமிருந்தவர்கள், மீதிப் பேர் பி.காமும் பி.எஸ்சி.யும் படிக்க வந்த இடத்தில், பள்ளியில் ஆடியிருக்கிறோமே என்று டிரையலுக்கு வந்தவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு ஒரு வருடம் அரையிறுதி, ஒரு வருடம் காலிறுதி. எனக்கு இது இறக்கமாகத் தெரியவில்லை, மேடம்.

இதை நிர்வாகத்திடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். கோட்டாவைக் குறைத்தது அவர்கள் முடிவு. பீஸ் சலுகைக்கு ஆகும் பணத்தை யோசித்திருப்பார்கள், அதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் அரிசியைக் குறைத்துவிட்டு சாதம் குறைந்ததற்குச் சமையல்காரரைக் கேட்க முடியாது. வியாசர்பாடியிலும் கன்னிகாபுரத்திலும் காசிமேட்டிலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் நல்ல பையன்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு எந்தக் கல்லூரி கூப்பிடும் என்று காத்திருக்கிறார்கள். ஆறு இடம் வைத்திருக்கும் கல்லூரி ஆறு பேரைக் கூட்டிப்போகும். உங்கள் கோச் இரண்டு பேரைக் கூப்பிட்டுவிட்டு மற்றவர்களிடம் கையை விரித்திருப்பார்.

அமெரிக்கக் கல்லூரிகளில் கோச்சை வெற்றி தோல்வியை வைத்து எடைபோடுகிறார்கள் என்றால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அங்கே ஆட்களைத் தேடிப் பிடித்து உதவித்தொகை கொடுத்துச் சேர்ப்பதே கோச்சின் பாதி வேலை. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கால்பந்து அணியை 1979 முதல் 2024 வரை நடத்திய ஆன்சன் டோரன்ஸ், அந்நாட்டுக் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியான என்.சி.ஏ.ஏ. பட்டத்தை மட்டும் 21 முறை வாங்கிக் கொடுத்தார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 21ஐ விட அவருடைய நோட்டுப் புத்தகத்தை. பயிற்சியில் யார் எத்தனை முறை பந்தை வென்றார்கள், ஓட்டத்தில் யார் எங்கே நின்றார்கள் என்று தினமும் குறித்து வைக்கச் சொல்வார். உங்கள் கோச்சிடம் ஒரு நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஐம்பது ரூபாய் லாங் சைஸ் நோட்டு போதும். யார் யார் வந்தார்கள், என்ன பயிற்சி, யாருக்கு என்ன குறை என்று அவர் கையெழுத்தில் மூன்று வருடத்துக்கு இருந்தால், அந்த நோட்டை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படியுங்கள். நோட்டே இல்லையென்றால் அதுவும் உங்களுக்கு ஒரு விவரம்தான்.

அடுத்தது மைதானம். கால்பந்து தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல பயிற்சியை அடையாளம் காண அது அவ்வளவாகத் தேவையில்லை. வகுப்பறை தெரிந்தவருக்கு மைதானமும் புரியும். ஒருமுறை வட சென்னையில் ஒரு மைதானத்தில் காலை ஆறு மணிக்கு இரண்டு கோச்களை அருகருகே பார்த்தேன். ஒருவர் 24 பையன்களை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக ஓடிவந்து கோலில் அடிக்க விட்டார். பார்க்க ஜோராக இருந்தது. கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஒருவனுக்கு எட்டு விநாடி. மறுபடி அவன் முறை வர மூன்று நிமிடத்துக்கு மேல். இருபது நிமிடத்தில் ஒரு பையன் பந்தைத் தொட்டது ஆறு முறை, மீதி நேரமெல்லாம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவனோடு பேச்சு. பக்கத்து அணியில் 26 பேருக்கு ஒன்பது பந்து. அதில் ஒன்று தையல் விட்டு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அந்த கோச் பையன்களை நாலைந்து பேராகப் பிரித்து நாலு கோனுக்கு நடுவே விட்டிருந்தார். யாரும் சும்மா நிற்கவில்லை. ஒல்லியான ஒரு ஹாஃப், பந்தை வாங்கித் திரும்புகிற ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து வந்தவனிடம் பறிகொடுத்தான். கோச் கத்தவில்லை. விசில் அடித்து நிறுத்தி, கிட்டே போய், அவன் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, "வாங்கறதுக்கு முன்னாடி பின்னாடி ஒரு பார்வை பாரு. வாங்கினப்புறம் பார்த்தா லேட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். பத்து நிமிடம் கழித்து நான் மறுபடி அவனைப் பார்த்தேன். பந்து வருவதற்குள் இரண்டு தடவை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். வாங்கினான், இந்தப் பக்கம் திரும்புவதுபோல் காட்டி அந்தப் பக்கம் போனான். அந்தப் பத்து நிமிடத்தில் அவனுக்கு ஒரு விஷயம் வந்துவிட்டது. கோச் என்பவர் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் அந்தத் தோள்தான் ஞாபகம் வரும்.

ஆகவே போய்ப் பாருங்கள். மூன்று நாள் போங்கள். முதல் நாள் உங்களுக்காக நடத்துவார், மூன்றாம் நாள் நீங்கள் நிற்பதையே மறந்துவிடுவார். பையன்கள் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார்கள் என்று பாருங்கள். தப்பு செய்தவனிடம் அவர் என்ன சொல்கிறார், சொன்னபிறகு அவன் மாறுகிறானா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட, அணியில் இடம் கிடைக்காத அந்தப் பதினெட்டாவது, பத்தொன்பதாவது பையனைப் பாருங்கள். அவன் பெயர் கோச்சுக்குத் தெரிகிறதா? அக்டோபர், நவம்பர் மழையில் மைதானம் குளமாகி நின்றபோது என்ன செய்தார் என்றும் விசாரியுங்கள். நம் ஊரில் மழைக்காலமும் செமஸ்டர் பரீட்சையும் ஒன்றாக வரும், அது முடிந்த கையோடு போட்டிகள். அந்த ஆறு வாரத்தை லீவு என்று விட்டவர் ஒருவகை. காரிடாரில் உடற்பயிற்சி, வகுப்பறையில் செல்போன் வீடியோ போட்டுப் பாடம் என்று ஓட்டியவர் இன்னொரு வகை.

ஸ்கோரைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. அதில் வேறு வரிகளைப் பாருங்கள். மூன்று வருடத்தில் வாங்கிய கோல்களில் எத்தனை கடைசி 20 நிமிடத்தில் விழுந்தவை? நிறைய இருந்தால் பையன்களுக்குத் தெம்பு போதவில்லை, அது கோச் கணக்கில்தான் வரும். கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கோல் வாங்கியிருந்தால் அதுவும் அவர் கணக்குதான், ஏனென்றால் பயிற்சியில் சரிசெய்யக்கூடியது அது. ரெஃப்ரியிடம் வாய் பேசி வாங்கிய மஞ்சள் அட்டைகள் கூடியிருக்கின்றனவா? அப்புறம் உங்கள் பரீட்சைப் பிரிவுக்குப் போய் அணிப் பையன்களின் அரியர் கணக்கை எடுங்கள். ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டே வருகைப் பதிவை ஒப்பேற்றி, மூன்றாம் ஆண்டில் பன்னிரண்டு அரியரோடு ஒரு பையன் வெளியே போனால், அவன் காலில் எத்தனை கோப்பை இருந்தும் பிரயோஜனமில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை, இந்தியன் வங்கி என்று சென்னை லீக்கில் ஆடிய அலுவலக அணிகளால் எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்திருக்கின்றன. அந்த வாசல்களில் நிற்கும்போது டிகிரியும் வேண்டும், பல்கலைக்கழக அணிக்கு ஆடிய சான்றிதழும் வேண்டும். ஆகவே இவர் காலத்தில் எத்தனை பேர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானார்கள் என்பதை அவசியம் பாருங்கள். அது ஒரு மேட்ச் அதிர்ஷ்டத்தில் வருவதில்லை. வெளி ஆட்கள் பல நாள் கேம்ப்பில் வைத்துப் பார்த்து எடுப்பது.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன், ஒரு கல்லூரியில், இரண்டு வருடம் முதல் ரவுண்டிலேயே வெளியேறியதற்காக ஒரு கோச்சை அனுப்பும் காகிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஸ்கோரைத் தவிர வேறு எதையும் நாங்கள் பார்க்கவில்லை. மறு வருடம் அந்தக் கல்லூரி கோப்பை வாங்கியது, புது கோச்சுக்கு மாலை போட்டோம். ஆடிய பதினோரு பேரில் ஒன்பது பேர், பழையவர் முதலாம் ஆண்டில் பிடித்து வளர்த்த பையன்கள். பரிசளிப்பு முடிந்ததும் கீப்பர் என்னிடம் ஓடிவந்து, "பழைய சாருக்கு போன் பண்ணி சொல்லிட்டேன் சார், ரொம்ப சந்தோஷப்பட்டார்" என்றான். குத்திக்காட்ட அவன் சொல்லவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த கோச்சை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க எனக்கு நாலு வருடம் ஆயிற்று.

வாட்ஸ்அப் குழுவை விட்டுவிடுங்கள். அதில் இருப்பவர்களில் பயிற்சியை நேரில் பார்த்தவர் யாராவது இருந்தால் அவரை மட்டும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இப்போது அந்தப் பையனுக்கு வருகிறேன்.

முட்டி ஜவ்வு, டாக்டர்கள் ஏ.சி.எல். என்பது, கிழிந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிடும். வீக்கமும் வலியும் சில நாளில் கொஞ்சம் அடங்கும், நடக்கலாம், நேராக மெதுவாக ஓடக்கூட முடியும். பையன் தேறிவிட்டான் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று திரும்பினால் முட்டி பிசகி விட்டுக்கொடுக்கும். அப்படி விட்டுக்கொடுக்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கிற குருத்தெலும்பும் சேர்ந்து கிழியலாம். ஜவ்வை மாற்றி வைக்கலாம், அந்தக் குருத்தெலும்பைப் பழையபடி கொண்டுவருவது கஷ்டம். ஸ்பிரே தோலைக் குளிரவைத்து வலியை மரக்க வைக்கும், அவ்வளவுதான். முட்டியை அது தாங்கிப் பிடிக்காது. ஆபரேஷன் செய்தால் மறுபடி மேட்ச் ஆட ஒன்பது மாதமாவது ஆகும். அவசரப்பட்டு முன்னாலேயே இறங்கினால் திரும்பவும் கிழிய வாய்ப்பு அதிகம். இரண்டாம் ஆண்டுப் பையனுக்கு ஒன்பது மாதம் என்றால் மூன்றாம் ஆண்டு சீசன் முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம். நான் போட்ட கணக்குப்படி, உங்கள் கோச் தேடிக் கொண்டுவந்த முதல் இரண்டு பேரில் ஒருவனாகவும் இவன் இருக்கலாம்.

ஆகவே இதை வதந்தியாக விடக்கூடாது. பையனைப் போய்ப் பாருங்கள். அவன் அம்மா அப்பா பக்கத்தில் இருக்கட்டும், கோச்சோ மற்ற பையன்களோ வேண்டாம். முந்தின மேட்ச்சில் அடிபட்டபோது யாரிடம் சொன்னான்? டாக்டரிடம் போனானா, யார் கூட்டிப்போனார்கள்? காலிறுதி அன்று காலையில் அவனிடம் யார் என்ன கேட்டார்கள், அவன் என்ன சொன்னான்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. அப்புறம் கோச்சைக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேளுங்கள். அறிக்கையில் ஒரு வரி எழுதும் முன்னால் அவர் பக்கத்தையும் கேட்டாக வேண்டும்.

அவன் மறைத்திருக்கவும் கூடும். பையன்கள் மறைப்பார்கள். இடம் போய்விடும், சான்றிதழ் போய்விடும் என்று பயம். எனக்கு 21 வயதில் இடது முட்டி வீங்கியிருந்தது. மேட்ச் அன்று காலையில் என் கோச், "ஆடுவியா?" என்று கேட்டார். "ஆடுவேன் சார்" என்றேன். அவர் மோசமான மனிதர் இல்லை. கேட்டுவிட்டோம் என்று நினைத்தார். ஆனால் பத்தொன்பது, இருபது வயதுப் பையன் கோச்சின் முகத்தைப் பார்த்து "முடியல சார்" என்று சொல்லமாட்டான். அது கேள்வியே இல்லை. எழும்பூர் ஸ்டேஷன் படியில் இறங்கும்போது இன்றைக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன்.

கோச்கள் இதற்கு ஒரு பழைய கதை சொல்வார்கள், உங்களிடமும் சொல்லலாம். 1962இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஜர்னைல் சிங் தலையில் தையலோடு இறுதிப் போட்டியில் ஆடினார், கோலும் போட்டார், இந்தியா தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது. உண்மைதான். கோச் சையத் அப்துல் ரஹீம், ஆசிரியராக இருந்தவர், நாம் கண்ட கோச்களில் அவருக்கு மேல் யாரும் இல்லை என்பேன். ஆனால் கதை சொல்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். தடுப்பு வரிசையில் ஆடுகிற ஜர்னைல் சிங்கை ரஹீம் பழைய இடத்திலேயே நிறுத்தவில்லை, முன்வரிசைக்கு மாற்றினார். அடிபட்ட ஆளை எங்கே நிறுத்தலாம் என்று யோசித்தவர் அவர். அதோடு அது ஆசியத் தங்கத்துக்கான ஆட்டம், ஆடியவர் விவரம் தெரிந்த மனிதர். மண்டலக் காலிறுதிக்கு ஒரு மாணவனின் முட்டியை வைத்து ஆடுவதற்கு அந்தக் கதையைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது. இன்னொன்றும் சொல்கிறேன். அதே போட்டியில் முதல் மேட்ச்சில் இந்தியா அதே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றிருந்தது. அன்றைக்கே யாராவது அறிக்கை எழுதியிருந்தால் ரஹீமையும் அனுப்பச் சொல்லியிருப்பார்கள்.

என் முடிவைக் கேட்டால், இரண்டாகப் பிரித்துச் சொல்வேன். முட்டியில் அடி இருப்பது தெரிந்தே, டாக்டர் பார்க்காமல், ஸ்பிரே அடித்து இறக்கினார் என்று உறுதியானால் அவருக்கு நீட்டிப்பு வேண்டாம். இந்த வருடமும் கோப்பையோடு வந்திருந்தால்கூட இதையேதான் சொல்வேன். அவர் தெரியாமல் செய்திருந்தால், பையன் மறைத்திருந்தால், தவறில் பெரும் பங்கு கல்லூரிக்கு. மூன்று வருடத்தில் ஒரு மேட்ச்சுக்காவது பிசியோதெரபிஸ்ட்டை அனுப்பியிருக்கிறீர்களா? இல்லையென்றால் வரும் சீசனிலிருந்து அனுப்புங்கள். அடிபட்டவன் டாக்டர் கையெழுத்து இல்லாமல் மைதானத்தில் இறங்கக்கூடாது என்று எழுத்தில் விதி போடுங்கள். இறக்கலாமா என்ற முடிவு கோச்சிடமும் பையனிடமும் இருக்கவே கூடாது. இருவருக்கும் ஆசை கண்ணை மறைக்கும்.

இந்த இரண்டாவதுதான் நடந்தது என்று தெரிந்து, மைதானத்திலும் நான் சொன்னவை ஓரளவு சரியாகத் தெரிந்தால், அவருக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கொடுங்கள். அவர் எடுத்த முதல் பையன்கள் வரும் வருடம்தான் மூன்றாம் ஆண்டுக்கு வருகிறார்கள். ஒரு வருட ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு முதலாம் ஆண்டுப் பையனை வளர்க்க நேரமும் இல்லை, மனசும் வராது. இந்த வருடம் ஜெயித்தால்தான் அடுத்த வருடம் சம்பளம் என்றால், அடிபட்டவனையும் இறக்கத் தோன்றும். அந்த நெருக்கடியை ஏற்படுத்தியதில் ஒப்பந்தம் போட்டவர்களுக்கும் பங்கு இருக்கிறது. கோட்டாவை நாலாகவாவது ஏற்றித் தாருங்கள் என்று அறிக்கையிலேயே கேளுங்கள். உங்களிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறோம் என்று அவரிடம் இதுவரை யாராவது உட்கார்ந்து சொன்னார்களா என்றும் விசாரியுங்கள். சொல்லாத வேலைக்கு மார்க் போட முடியாது. ஒரு பக்கத்தில், தமிழிலேயே, எழுதிக் கொடுங்கள். அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு, அதாவது ஏ.ஐ.எஃப்.எஃப்., கோச்களுக்குத் தரும் லைசென்ஸில் அவர் எந்தப் படியில் இருக்கிறார் என்று கேளுங்கள். டி-யிலேயே நிற்கிறார் என்றால் சி-க்குப் படிக்க அனுப்பி, அந்தப் பீஸில் பாதியைக் கல்லூரி ஏற்கலாம்.

அறிக்கைக்கு மே வரை நேரம் இருக்கிறது. பையனுக்கு அவ்வளவு நேரம் இல்லை. இந்த வாரமே அவன் வீட்டுக்குப் போங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்கள். ஆபரேஷன் செலவுக்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள், கல்லூரியின் மாணவர் காப்பீட்டில் விளையாட்டுக் காயம் சேருகிறதா, அதற்குப் பிறகு ஆறேழு மாதம் பிசியோவுக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். கோட்டாவில் வந்த பையன் என்றால், ஆட முடியாத வருடத்துக்குப் பீஸ் சலுகையை நிறுத்திவிடாதீர்கள் என்று முதல்வரிடம் இப்போதே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஜூனில் பீஸ் சலான் வரும்போது அவன் ஊன்றுகோலோடு கியூவில் நிற்கக்கூடாது.